திட்டு மிட்டாய்

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த ஆளின் தோளை அலாரம் அக்கா முதலில் விரலால் தட்டினாள். அசைவில்லை. "அண்ணே! ஏ அண்ணே!" என்று எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். அதற்கும் அசைவில்லை. கைப்பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, விரல்களை மடக்கி, அந்த முட்டிகளை அவன் நெஞ்செலும்பின் நடுவில் வைத்து, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற மும்முரத்தோடு ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். ஆள் துள்ளி எழுந்து உட்கார்ந்தான்.

"அறிவிருக்கா உனக்கு? மனுசன் கொஞ்சம் கண்ணசந்தா பொறுக்காதா? யாரு நீ?"

"ரொம்ப சந்தோஷம்ண்ணே. நல்லாவே திட்டுறீங்க. படுத்துத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு அக்கா நகர்ந்துகொண்டாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி, யாரோ மாலை போட்டு வரவேற்றது போல.

இந்த நேரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் எங்கே என்றால், நிறுத்தத்தின் மறுமுனையில் பேருந்து நேர அட்டவணைக்கு முன்னால் நின்று, அதை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார். காலையில் இருவரும் சேர்ந்துதான் வேலைக்குக் கிளம்புவார்கள். பெஞ்சில் யாராவது தூங்குவது கண்ணில் பட்டால் போதும், அவர் கால் தானாக அட்டவணைப் பக்கம் திரும்பிவிடும். கட்டிய மனைவியைத் தெரியாதவர் மாதிரி நிற்பது தப்புதான். ஆனால் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே! அந்த அட்டவணை முழுக்க அவருக்கு மனப்பாடம்.

"நாலு பேரு என்னம்மா நினைப்பாங்க?" என்பார், பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், காதோடு காதாக.

"என்ன வேணா நினைக்கட்டும். நினைக்கிறதுக்கு முதல்ல உசுரு இருக்கணும்ல?" என்பாள் அக்கா. இது பேருந்தில் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும்.

அக்காவுக்கு வேலை மருந்துக்கடையில். சீட்டை வாங்கி, மாத்திரைப் பட்டைகளை எடுத்து, காலை எது, ராத்திரி எது என்று உறையில் எழுதிக் கொடுக்கிற வேலை. வீட்டுக்காரர் பொது நூலகத்தில் ஊழியர். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவரே "என்ன சொன்னீங்க?" என்று கேட்கவேண்டும். வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாலும் சத்தம் வராது. நடை பூனை நடை. செய்தித்தாள் அறையில் பேப்பரை விரித்தபடியே தூங்கிப்போகிறவர்கள் எந்த நூலகத்திலும் உண்டு. அவர்கள் முகத்தில் வெயில் படாமல் இவர் திரைச்சீலையை இழுத்துவிடுவார். நழுவி விழப்போகிற பேப்பரைப் பதமாக உருவி மடித்து வைப்பார். "தூங்குறவங்களை எழுப்புறது பாவம்மா" என்பது அவர் கொள்கை. அலாரம் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு இப்படி ஒரு கொள்கை!

அந்தப் பெயரே நூலகத்தில்தான் வந்தது. ஒரு நாள் அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த அக்கா, செய்தித்தாள் அறையை எட்டிப் பார்த்தாள். மேசையைச் சுற்றி வரிசையாகத் தலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. விடுவாளா? டப்பாவை வைத்துவிட்டு ஒவ்வொருவராக உலுக்கி எழுப்பினாள். கடைசியாக எழுந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "யாருப்பா இந்த அலாரம்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெயர் மட்டும் அக்காவுக்கு முன்னாலேயே மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்கா பிறக்கும்போதே அலாரமாகப் பிறந்தவள் இல்லை. கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒரு முதுகுவலிக்காரர் இருந்தார். பெரிய சரக்கு வண்டி ஓட்டுகிறவர், தமாஷான மனிதர். வலி அதிகமாகி, டாக்டர் அவருக்கு ஓபியாய்டு வகை, அதாவது அபின் இனத்து வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். ஒரு நாள் அவர் மனைவி மட்டும் வந்து, பிரிக்காத பட்டைகளைத் திருப்பி வைத்தார். "ராத்திரி பூரா ஒரு மாதிரி குறட்டைங்க. பாவம், இன்னைக்காவது அசந்து தூங்குறாரேன்னு விட்டுட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது தூக்கமும் இல்லை, குறட்டையும் இல்லை, மூச்சு திணறிய சத்தம் என்று பிறகுதான் தெரிந்ததாம். அன்றைக்கு அக்கா வீட்டில் வாயைத் திறக்கவேயில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை வீட்டுக்காரர் அதற்கு முன்னால் கேட்டதில்லை, அவருக்கே அது பிடிக்கவில்லை.

சுகாதாரத் துறையிலிருந்து கடைக்கு ஒரு சுவரொட்டி வந்தது. கறுப்புப் பின்னணி, தலையில் கைவைத்துக் குனிந்திருக்கும் ஓர் உருவம், கீழே 'ஓபியாய்டு மிகைப் பயன்பாடு குறித்த விழிப்புணர்வு' என்று தொடங்கி மூச்சு வாங்காமல் ஓடும் வாக்கியம். "இதைப் பார்த்தா நல்லா இருக்கறவனுக்கும் தலை வலிக்கும்" என்றாள் அக்கா. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் தடித்த பேனாவால் எழுதினாள்:

'வலி மாத்திரை சாப்பிட்டவர் வித்தியாசமாகக் குறட்டை விடுகிறாரா? எழுப்பிப் பாருங்கள். திட்டினால் நல்லது. இங்கே வந்து மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ்.'

பார்க்க வந்த துறை அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கோபக்காரர் இல்லை, நல்ல மாதிரி. "மேடம், இதையே எல்லாக் கடைக்கும் அச்சடிச்சுக்கலாமா?" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். "அச்சடிங்க. ஆனா மிட்டாய்க்கும் சேர்த்து ஏற்பாடு பண்ணுங்க, இல்லன்னா ஜனங்க உங்களைத்தான் திட்டுவாங்க" என்று அனுப்பிவைத்தாள் அக்கா.

அன்றிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குத் திட்டு மிட்டாய் ஜாடி என்று பெயர். யாரையாவது எழுப்பித் திட்டு வாங்கியவர் வந்து கையை நீட்டினால் ஒரு மிட்டாய். சும்மா நீட்டினால் கிடைக்காது. என்ன திட்டு என்று சொல்லவேண்டும். "எங்க மாமியார் என்னை எருமைன்னாங்க" என்பாள் ஒரு மருமகள். "எருமையா? அப்ப மூச்சு நல்லாத்தான் போகுது" என்று அக்கா இரண்டாக எடுத்துக் கொடுப்பாள். கடையில் மருந்து வாங்க நிற்கிறவர்கள் வலியை மறந்து சிரிப்பார்கள். கடை முதலாளி முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே ஒரு நாள் தன் தம்பியை எழுப்பிவிட்டு வந்து கூச்சத்தோடு கையை நீட்டினார்.

மாத்திரையோடு மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே ஒன்றும் கொடுக்கவேண்டும். நின்றுபோகப் பார்க்கிற மூச்சைத் திரும்பக் கொண்டுவருகிற மருந்து அது. அங்கேதான் ரோஷம் குறுக்கே வரும்.

"எங்களைப் பார்த்தா போதை ஆளுங்க மாதிரியா இருக்கு?" என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஸ்ப்ரேயைத் தள்ளிவிட்டார். முழங்கால் அறுவை முடிந்து வந்தவர்.

"அய்யோ, இது உங்களுக்கு இல்லீங்க டீச்சர். மாத்திரைதான் உங்களுக்கு. ஸ்ப்ரே உங்க வீட்டுக்காரருக்கு."

"அவருக்கு என்ன வலி?"

"அவருக்கு வலி இல்லீங்க, வேலை. நீங்க எழுந்திருக்கலைன்னா உங்களுக்கு நீங்களே அடிச்சுக்க முடியுமா? அவருதானே அடிக்கணும்? அவரை ஒரு நடை வரச் சொல்லுங்க, நான் சொல்லிக் குடுக்கறேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரா? அவருக்கு ஒரு வேலையும் ஒழுங்கா செய்யத் தெரியாதுங்க" என்றார். ஆனால் ஸ்ப்ரே பைக்குள் போய்விட்டது.

தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் "ஸ்ப்ரே இருக்கா?" என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் அக்கா எதற்கு, யாருக்கு என்று கேட்பதேயில்லை. "தனியா இருக்காதீங்க தம்பி. பக்கத்துல யாரையாவது வச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பாள். கடைப்பையன்கள் யாராவது பின்னால் ஏதாவது முணுமுணுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "எப்படி விழுந்தான்னு நான் கேக்க மாட்டேன். எழுந்தானான்னு மட்டும்தான் கேப்பேன். புரியுதா?"

ஒரு தையல்காரர் ஸ்ப்ரே வேலை செய்கிறதா என்று பார்க்க, வாசனைத் திரவியம் மாதிரி சுவரைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். அதில் இருப்பதே ஒரு அழுத்து மருந்துதான். காலி ஸ்ப்ரேயோடு வந்து நின்றார். "சுவர் எழுந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு அக்கா வேறு ஒன்று கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் 'சோதிச்சுப் பாக்காதீங்க' என்று எழுதி ஒட்டுகிறாள்.

இப்படி ஊரையே எழுப்பிக்கொண்டு திரிந்தவள், அந்தச் சுவரொட்டியின் அச்சடித்த புதுப் பிரதியை ஒட்ட முக்காலியில் ஏறி, முக்காலியோடு சேர்ந்து கீழே வந்தாள். தோள்பட்டை எலும்பு போய்விட்டது. அறுவை. கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் இடது கை. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தது, அவள் தினமும் உறையில் போட்டுக் கொடுக்கிற அதே மாத்திரை.

அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டில் இருப்பது இரண்டே பேர். இவள் ஒரு நாள் எழுந்திருக்காமல் போனால், எழுப்ப இருக்கிற ஒரே ஆள் அவர்தான். வாழ்நாளில் ஒரு மனிதரைக்கூட எழுப்பியறியாதவர். தன்னால் முடியாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வெளியே சொல்லவும் கூச்சம்.

அக்கா விடவில்லை. கட்டிலில் ஒரு தலையணையைப் படுக்க வைத்து, "இதுதான் நான். எழுப்புங்க பார்ப்போம்" என்றாள்.

அவர் தலையணையின் ஓரத்தைத் தொட்டு, "ஏம்மா... கொஞ்சம் எழுந்திருக்கிறியா?" என்றார்.

"என்னங்க இது, காபி வேணுமான்னு கேக்கற மாதிரி! சத்தமா! உலுக்குங்க! முட்டியால தேய்ங்க!"

அவர் தேய்த்தார். தலையணைக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். அக்கா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தோள் வலித்தது, அதற்கும் சேர்த்து அவரையே திட்டினாள்.

மற்றதையெல்லாம் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். உதடு நீலமா பார். ஆம்புலன்ஸுக்குச் சொல். ஒரு மூக்குத் துளையில் ஸ்ப்ரே. வாயில் ஊது. இரண்டு மூன்று நிமிடத்தில் அசையவில்லை என்றால் இன்னொரு ஸ்ப்ரே. மூச்சு வந்ததும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவை. எழுந்து உட்கார்ந்து எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, ஏனென்றால் ஸ்ப்ரேயின் வேகம் முதலில் தீரும், மாத்திரையின் வேகம் உள்ளே காத்திருக்கும். எல்லாம் நூலகத்துப் புத்தக எண்கள் மாதிரி மனதில் ஏறிவிட்டது. சத்தம் மட்டும்தான் ஏறவில்லை.

அவளுக்கென்று வாங்கிய இரண்டு ஸ்ப்ரேக்களை அவர் வீட்டில் வைக்கவில்லை. வைத்தால் அக்கா தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவாள். வீட்டுக்கென்று வைத்திருந்தவை அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. அதனால் சட்டைப் பையில், பேனாவுக்குப் பின்னால், இரண்டையும் செருகிக்கொண்டே திரிந்தார்.

அக்கா விடுப்பில் இருந்த நாட்களில் அவர் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்றும் வந்தார். உள்ளே குறட்டை கேட்டது. அப்பாடா, தூங்குகிறாள். முந்தின இரவு தோள்வலியில் அவள் கண்ணே மூடவில்லை. அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். பூனை நடையில் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். சமையலறைக்குத் திரும்பினார்.

பாதி வழியில் நின்றுவிட்டார். இத்தனை வருடமாக அவர் கேட்டுப் பழகிய குறட்டை ரம்பம் அறுக்கிற மாதிரி சீராக இருக்கும். இது தண்ணீரில் கொப்பளிக்கிற மாதிரி கொரகொரவென்று வந்தது. வந்து நின்றது. நின்றது வெகுநேரம் நின்றது.

"ஏம்மா" என்றார். தோளைத் தொடப் பயந்து காலைத் தொட்டார். "ஏம்மா, இங்க பாரு." பதில் இல்லை. திரையை விலக்கிப் பார்த்தால் உதட்டில் நிறமே இல்லை, நீலம் பாரித்திருந்தது. மேசையில் மாத்திரைப் பட்டை. அதற்குப் பக்கத்தில், எப்போதோ அவருக்கு எழுதிக் கொடுத்து மிச்சமாகிக் கிடந்த தூக்க மாத்திரைப் பட்டையும் பிரிந்து கிடந்தது. மிச்ச மாத்திரையை வீட்டில் வைக்காதீர்கள், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், நமக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டாள்.

"ஏய்!"

அந்த வார்த்தையை அவர் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்பது அவருக்கே தெரியவில்லை. "ஏய்! எழுந்திருடி! எழுந்திரு!" விரல்களை மடக்கி முட்டியால் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தார், பாவபுண்ணியம் பார்க்காமல். அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி ஆகாமல் அவர் கை ஓடியது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஆம்புலன்ஸுக்கு முகவரியைக் கத்தினார். சட்டைப் பைக்குள் கையை விட்டபோது பேனா தெறித்து எங்கேயோ விழுந்தது. மூக்கில் ஸ்ப்ரேயை அழுத்தினார். மூக்கைப் பொத்தி வாயில் ஊதினார். நடுநடுவே "ஏய், என்னைத் திட்டுடி! திட்டு!" என்று அலறினார்.

மாடி வீட்டுக்காரர் பாதி சவரம் செய்த கன்னத்தில் சோப்பு நுரையோடு, கையில் ஒரு துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "திருடனா சார்? எங்க திருடன்?" இப்படிக் கத்தியது நூலகக்காரர்தான் என்று அவரால் நம்ப முடியவில்லை. "வாசல்ல நில்லுங்க, ஆம்புலன்ஸ் வரும்!" என்று அவரையும் ஓர் அதட்டல். அவர் துடைப்பத்தோடு வாசலுக்கு ஓடினார்.

அசைவில்லை. இரண்டாவது ஸ்ப்ரேயையும் அடித்தார். ஊதினார். ஊதினார். இவள் இல்லாத வீட்டில் அந்த நிசப்தத்தோடு எப்படி இருப்பது என்ற நினைப்பு வந்தது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி ஊதினார்.

அப்போது அக்காவின் நெஞ்சு ஒரு தடவை பெரிதாக ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு தடவை. உதட்டில் மெல்ல நிறம் வந்தது. அவர் அவளைப் பக்கவாட்டில் திருப்பினார். சிறிது நேரத்தில் கண்ணைத் திறந்தாள். குமட்டினாள். கோபமாகப் பார்த்தாள்.

"என்னத்துக்குய்யா... இப்படிக் கத்தற? நாலு பேரு... என்ன நினைப்பாங்க?"

அவர் தரையில் உட்கார்ந்து, வெட்கம் விட்டு, வாய்விட்டு அழுதார்.

ஆஸ்பத்திரி வார்டில் அக்காவுக்குக் குரல் முழுதாகத் திரும்பியது. நர்ஸிடம் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டாள். அதைச் சொன்ன ஆத்திரத்தை வீட்டுக்காரர் மேல் காட்டினாள். "நெஞ்சுல தோலே உரிஞ்சுபோச்சு, அப்படியா தேய்ப்பீங்க? முரட்டு மனுசன்! மாடி வீட்டுக்காரர் அப்படியே சோப்போட நிக்கறாரு வெளியில. தெருவே கூடிருச்சாம், மானமே போச்சு." பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் முக்காலியில் அமர்ந்து ஒவ்வொரு திட்டையும் பாட்டு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், வலது கையை அவள் முன்னால் நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பையை எடுங்க" என்றாள். தூளியில் தொங்காத கையால் துழாவினாள். சாவி வந்தது, சீப்பு வந்தது, கடைசியில் ஒரு மிட்டாய் வந்தது. காகிதத்தை ஒரு கையால் பிரிக்க முடியவில்லை. ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துப் பிரித்து, நீட்டிய கையில் வைக்காமல், அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனாள்.

வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாயைத் திறந்தார்.